பிரசிடெண்டுக்கு நான் எழுதிய கடைசிப் பேச்சு

முப்பத்திரண்டு வயதில் பணி ஓய்வு பெற்றவன் எங்கள் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாலை போடவில்லை, பாராட்டு விழா இல்லை, குரூப் போட்டோ எடுக்கவில்லை. என்ன வேலையிலிருந்து ஓய்வு என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பிரசிடெண்டுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கிற வேலை.

உடனே டெல்லி, மாளிகை, குதிரைப்படை என்று கிளம்பிவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஊராட்சி மன்றத் தலைவரைப் பிரசிடெண்டு என்றுதான் சொல்வோம். கீழ்வேளூருக்குக் கிழக்கே, காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்து முடித்துவிட்டு மனமிருந்தால் எட்டிப் பார்க்கிற கடைமடை ஊர் எங்களுடையது. அந்த ஊர்ப் பிரசிடெண்டுக்குத்தான் ஏறக்குறைய மூணு வருஷம் எழுதினேன்.

போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தாடி இருக்கும். டீக்கடை பெஞ்சில் என்னைப் பிடித்தார்கள்.

"அண்ணே, அந்தக் கொடம் ஸ்பீச்சு எழுதினது நீங்கதானாமே? எலெக்‌ஷன் வருதுண்ணே. எங்க கேண்டிடேட்டுக்கு அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க. கேக்கறவன் அழுவணும்."

"நான் ரிட்டயர்டு தம்பி."

"இந்த வயசுலயாண்ணே?" என்று சிரித்தார்கள்.

ஏன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். இதில் வருகிற ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றிவிடு என்றார், மாற்றிவிட்டேன். இன்னொரு நிபந்தனையும் போட்டார். அது அதன் இடத்தில் வரும்.

என் படிப்பை ஒரு வரியில் முடித்துவிடலாம்: பாலிடெக்னிக்கில் இரண்டு செமஸ்டர், பிறகு அவர்களும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். அடுத்து மைக் செட்காரரிடம் சேர்ந்தேன். ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு துக்கச் செய்தி, கபடிப் போட்டி, தடுப்பூசி முகாம் எல்லாவற்றையும் ஒரே தொண்டையால் அறிவித்தேன். ஆட்டோ ஒரு வீட்டைத் தாண்டுகிற நேரத்துக்குள் செத்தவர் யார், எடுக்கிற நேரம் என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும். இல்லையென்றால் பாதிச் சாவு ஒரு வீட்டிலும் மீதிச் சாவு அடுத்த வீட்டிலும் விழும். சுருக்கமாகப் பேச நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ஒரு கபடி மேட்சில் நான் வர்ணனை செய்துகொண்டிருந்தபோது பிரசிடெண்டு ஜெயமணி அக்கா வந்து உட்கார்ந்தார். மைக் கையில் இருந்தால் எனக்கு வாய் நிற்காது. "பிரசிடெண்டு அக்கா வந்துட்டாங்க. பிளேயருங்க எல்லாம் இப்பவே ரெஸ்ட் எடுத்துக்குங்க. அக்கா வாழ்த்துரை முடிக்கறதுக்குள்ள அடுத்த வருஷ மேட்ச் வந்துடும்" என்றேன். மைதானமே சிரித்தது.

மறுநாள் ஆள் அனுப்பினார். அவருடைய மாவு மில்லுக்குப் போனேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் போனேன்.

"நேத்து நீ சொன்னதுக்கு எத்தன பேரு சிரிச்சாங்க பாத்தியா?"

"தப்புத்தாங்கா. வாய் தவறி..."

"அது கெடக்கட்டும். நான் அர மணி நேரம் பேசினேன், ஒருத்தன் நிமுந்து பாக்கல. நீ ரெண்டு வரி சொன்ன, ஊரே திரும்பிச்சு. அத எனக்கு எழுதிக் குடு."

அப்படித்தான் வேலை கிடைத்தது. கேலி செய்தவனையே வேலைக்கு வைக்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜெயமணி அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்தவர். ஜெயித்த மறுநாள், ஊராட்சி அலுவலகத்தில் அவருடைய நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்துவிட்டாராம். அக்கா சண்டைக்குப் போகவில்லையாம். மில் சாவியை அவர் முன்னால் வைத்து, "அப்ப நீங்க இங்க இருங்க. மொளகா அரைக்க ஆளு நிக்கிது, நான் போறேன்" என்றிருக்கிறார். போகவில்லை, நின்றுகொண்டே இருந்திருக்கிறார். சிறிது நேரத்தில் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சத்தம் போடாமல் காரியம் முடிப்பதுதான் அக்காவின் வழி. கோபம் வந்தாலும் குரல் ஏறாது. தலையில் கட்டியிருக்கிற துணியை அவிழ்த்து ஒருமுறை உதறுவார். மாவு பறக்கும். அதற்கு அப்புறம் அந்த விஷயத்தைப் பேச மாட்டார். அந்த உதறலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பேச்சு தயாராகிற முறை இதுதான். எழுதியதை மில் ஓடும்போது நான் உரக்க வாசிக்க வேண்டும். பெல்ட் சத்தம், கல் சத்தம், டப்பாவோடு வரிசையில் நிற்கிற பெண்களின் பேச்சு எல்லாம் இருக்கும். வாசித்து முடித்ததும் அக்கா வரிசையைப் பார்த்து, "என்ன சொன்னான்?" என்று கேட்பார். அவர்கள் திருப்பிச் சொன்னது மட்டும் பேச்சில் இருக்கும். சொல்லாததை அடித்துவிடுவார். நான் ராத்திரி கண் விழித்து எழுதிய உவமை எத்தனையோ அந்த மில்லில் தவிடாகப் போயிருக்கிறது.

அடித்து முடித்தபின் மீதியைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துகொள்வார். கையில் துண்டுச் சீட்டு, அதில் நாலைந்து வார்த்தை. பிறகு இரண்டு கேள்வி கேட்பார். எந்தப் பேச்சானாலும் அதே இரண்டு கேள்விதான். "இதக் கேட்டுட்டு வீட்டுக்குப் போறவன் என்ன செய்யணும்?" அதற்குப் பதில் இல்லையென்றால் பேச்சே கிடையாது. இரண்டாவது: "யாரு பேராவது வருதா? அவங்ககிட்ட கேட்டியா?"

ஒருமுறை மிளகாய் அரைக்கிற நாளில் வாசித்தேன். முடிக்கும்போது வரிசையில் நின்ற அத்தனை பேர் கண்ணிலும் தண்ணீர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காதான் சொன்னார்: "மூக்கத் தொடச்சிக்க. நீயுந்தான் அழுவுற."

இரண்டு வருஷம் போனதும் எனக்கு இந்த ஊர் சிறியதாகிவிட்டது. செல்போனில் வெளிநாட்டு ஜனாதிபதிகளின் புகழ்பெற்ற பேச்சுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். என் ஆங்கிலம் பஸ் போர்டு படிக்கிற அளவுதான். அதனால் கீழே ஓடுகிற தமிழ் எழுத்தில் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, வார்த்தையை விட்டுவிட்டு வித்தையைப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஒரே மாதிரித் தொடங்கும் வாக்கியம் மூன்று போடுகிறார்கள், மூன்றாவதில் குரலை இறக்குகிறார்கள். கேள்வியைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்கிறார்கள். கைதட்டல் வரப்போகிற இடம் முன்கூட்டியே தெரிந்து, அங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். எதிரியைத் திட்டுவதற்கு முன் நன்றாகப் புகழ்கிறார்கள். இதையெல்லாம் எங்கள் ஊர் தெருவிளக்குக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் பயன்படுத்தினேன். வேலை செய்தது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வித்தை ஒன்று உண்டு. ஜனாதிபதி சபையில் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று பார்வையாளர் மாடியைப் பார்த்துக் கையைக் காட்டுவார். அங்கே சாதாரண மனுஷர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் பட்ட கஷ்டத்தை ஜனாதிபதி சொல்வார். அந்த ஆள் எழுந்து நிற்பார், சபையே எழுந்து கைதட்டும். லட்சம் பேர் கஷ்டம் என்றால் காதில் ஏறாது, இதோ இந்த ஒருவரின் கஷ்டம் என்றால் நெஞ்சைப் பிடிக்கும். இதை ஒருநாள் பயன்படுத்தியே தீருவது என்று வைத்திருந்தேன்.

அந்த நாள் வந்தது.

அந்த வருஷம் அணையில் தண்ணீர் குறைந்து, ஆற்றில் விடுகிற அளவையும் குறைத்துவிட்டார்கள். சம்பாப் பயிர் கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் வயல் காய்ந்தால் நெல்லுக்குள் அரிசி இருக்காது, பதர்தான். எங்கள் ஊர் வாய்க்காலில் மேல்மடைக்காரர்கள் வயலுக்குத் தண்ணீர் ஏறியது. கீழ்மடைக்கு ஈரம்கூட வரவில்லை. கீழே போர் போட்டால் உப்புத் தண்ணீர். மேல்மடை மதகுகளை இரண்டு நாள் மூடினால் கீழ்மடைப் பயிர் பிழைக்கும். மூடச் சொல்லிக் கேட்டால், "எங்க பயிருக்கு மட்டும் பால் வேணாமா?" என்றார்கள். அதுவும் நியாயம்தான்.

வியாழக்கிழமை சிறப்புக் கிராம சபை. அக்கா பேச வேண்டும். இன்னும் மூன்று நாள் காய்ந்தால் அப்புறம் தண்ணீர் வந்தும் பயன் இல்லை என்று கீழ்மடையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை விடியற்காலையில் நான் கீழ்மடைப் பக்கம் நடந்து போனேன். அங்கே கோவிந்தராசு மாமாவின் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. எனக்கு முறை மாமா. என்னைப் பார்த்தால் "மாப்ள" என்று கூப்பிட்டு வம்பிழுக்காமல் விட மாட்டார், நானும் விட மாட்டேன். அன்றைக்கு அவரும் அத்தையும் ஆளுக்கொரு குடத்தில் குட்டைத் தண்ணீரைத் தூக்கிவந்து வயலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நெல்வயலுக்குக் குடத்தில் தண்ணீர். ஒரு மூலையில் நாலு பாய் விரிக்கிற அளவு நனைந்திருந்தது. அந்த மூலை மட்டும் பச்சை.

என்னைப் பார்த்ததும் மாமா குடத்தைக் கீழே வைத்தார். மிச்சத் தண்ணீரில் காலைக் கழுவ ஆரம்பித்தார், அதற்காகத்தான் கொண்டுவந்தவர் போல. அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன மாப்ள, காத்தாட வந்தியா?"

"ஆமா மாமா" என்றேன். வந்த வழியே திரும்பினேன். ஊர் எழுவதற்கு முன் அவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லவும் வேண்டுமா?

வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதினேன். முதல் பாதியை மில்லில் வரிசைக்கு முன்னால் வாசித்தேன். குடம் வருகிற இடத்தை மட்டும் ஒளித்துவைத்தேன். கடைசி டப்பாக்காரி போனதும், மில் இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அக்காவின் காதோரம் வாசித்தேன்.

"நெஜமா இது?"

"என் கண்ணால பாத்தேங்கா."

"கோவிந்தராசு அண்ணங்கிட்ட கேட்டியா?"

நான் தலையாட்டினேன்.

மில் சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை என்று இன்றைக்கும் சொல்லலாம். நன்றாகவே விழுந்தது.

சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. வலது பக்கம் மேல்மடை, இடது பக்கம் கீழ்மடை, நடுவில் ஆள் நடக்கிற வழி. மேல்மடையில் பெரிய விவசாயி ராமையன் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மூடினால் மற்றவர்கள் மூடுவார்கள்.

அக்கா எழுந்தார்.

"நமக்கு ஒரே கோயில் கொளம். நமக்கு ஒரே சுடுகாடு. நமக்கு ஒரே வாய்க்கா." மூன்றாவதில் குரல் இறங்கியது. "மேல்மடைக்காரவங்க ஈரமில்லாதவங்களா? இல்ல. போன புயல்ல கீழ்மடையில கூர பறந்தப்ப, எங்க தூங்கினாங்க புள்ளைங்க? ராமையண்ணன் வீட்டு நெல்லுக் கொட்டாயில."

ராமையனின் கட்டிய கை அவிழ்ந்தது. நான் பின்னால் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்று, நானே பேசுவது போல் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கு ஒருத்தரப் பத்திச் சொல்றேன். இங்கதான் இருக்காரு." அக்கா இடது பக்கம் கையைக் காட்டினார். "கோவிந்தராசு அண்ணன். விடிய முந்தி எந்திரிச்சு, அவரும் அண்ணியும் கொடத்துல தண்ணி மொண்டாந்து வயலுக்கு ஊத்துறாங்க. நெல்லுக்கு. கொடத்துல. ஒரு விவசாயி அதச் செய்யிறான்னா அவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்?"

இங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தேன். அக்கா நிறுத்தினார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ராமையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"போதும்மா. வெள்ளிக்கெழம காலைல மூடறோம். ரெண்டு நாளு. ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்குத் தொறப்போம். அதுக்குள்ள பாய்ச்சிக்கச் சொல்லு."

கைதட்டல் வந்தது. எங்கள் கிராம சபையில் கைதட்டலை அன்றுதான் கேட்டேன். மாடியைக் காட்டிய ஜனாதிபதிக்கு வந்த அதே கைதட்டல்.

கோவிந்தராசு மாமாவும் எழுந்து நின்றார். ஆனால் அந்த வீடியோக்களில் எழுந்து நிற்பவர்கள் சிரிப்பார்கள். இவர் முகத்தில் ரத்தம் இல்லை. நடுவழியில் நடந்து, யாரையும் பார்க்காமல் வந்தவர், வாசலில் என்னிடம் மட்டும் நின்றார்.

"நல்லா எழுதியிருக்க, தம்பி."

மாப்ள இல்லை. தம்பி.

அன்று சாயங்காலத்துக்குள் யாரோ எடுத்த வீடியோ ஊரைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் இருப்பவர்கள், துபாயில் இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு அனுப்பினார்கள், நானே எழுதியதை எனக்கே.

வெள்ளிக்கிழமை மதகுகளை மூடினார்கள். சாயங்காலம் கீழ்மடை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் கீழ்மடைக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"கோவிந்தராசு வாமடையத் தொறக்கல. நேத்துலேருந்து வரப்புல உக்காந்திருக்காரு. தொறக்க மாட்டாராம்."

வாமடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாய். அவர் தன் வாயை மூடிக்கொண்டால் அவரோடு போகாது. அவருக்குக் கீழே இருக்கிற மூன்று பேர் வயலுக்குத் தனி வாய்க்கால் கிடையாது. அவர் வயல் நிறைந்து, வரப்பு வழிந்து, அடுத்த வயலுக்கு, அதற்கடுத்த வயலுக்கு என்று போக வேண்டும். வெடித்துக் கிடக்கிற அவருடைய ஒன்றரை ஏக்கரைத் தண்ணீர் கடக்கவே அரைநாளுக்கு மேல் ஆகும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேலே திறந்துவிடுவார்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் வாமடை திறக்காவிட்டால் நாலு பேர் பயிரும் போச்சு.

வயலுக்கு ஓடினேன். அந்த மூன்று வயல்காரர்களும் தள்ளி நின்றார்கள். வெட்டிவிட ஒரு நிமிஷ வேலை. ஆனால் இன்னொருவர் வாமடையில் அவரைக் கேட்காமல் மம்பட்டி வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

"மாமா, தண்ணி தேடிவந்திருக்கு, வான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? மொதராத்திரி மாப்ள மாதிரி மூஞ்சத் திருப்பிக்கிட்டா எப்புடி?"

எப்போதும் வேலை செய்கிற கேலி. அவர் சிரிக்கவில்லை.

"திருப்பூர்லேருந்து எம்பொண்ணு போன் பண்ணுச்சு. அது மாமியா வூட்டுல எல்லாம் ஒண்ணா உக்காந்து பாத்தாங்களாம். 'ஒங்கப்பன் கொடம் தூக்குறாரா'ன்னு கேட்டாங்களாம். பொண்ணு அழுவுது. எம்மேல அனுதாபப்பட்டு வுட்ட தண்ணி இது. இது என் வயல்ல ஏறுனா நான் அந்தக் கொடத்துக்காரந்தான், சாவுற வரைக்கும். காயட்டும்."

"மாமா, நான் நல்லதுக்குத்தான்..."

"நீ போ தம்பி."

அங்கே என்னிடம் வித்தை எதுவும் மிச்சம் இல்லை. மூன்று முறை சொல்வதும் நிறுத்துவதும் கேள்வி கேட்பதும் எதற்கும் உதவாது என்று தெரிந்தது. நடந்து திரும்பும்போதுதான் உறைத்தது. அந்த மாடியில் உட்கார்ந்திருந்த மனுஷரை முன்னாடியே கேட்டிருப்பார்கள். சொல்லலாமா, எதுவரைக்கும் சொல்லலாம் என்று கேட்டு, அழைத்துவந்து, இடம் போட்டு உட்கார வைத்திருப்பார்கள். அதனால்தான் அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். நான் கைதட்டலைப் பார்த்தேன், அவர் சிரிப்பைப் பார்க்கவில்லை.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ராகி டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, அந்த அண்ணன் சம்மதிச்சுட்டு இப்ப ஏன் இப்புடிப் பண்றாரு?"

"அக்கா, அவரு சம்மதிக்கல."

"என்ன?"

"நான் கேக்கவே இல்லக்கா. அன்னிக்குத் தலையாட்டினது பொய்."

அக்கா சுவிட்சை அணைத்தார். பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அந்த மில்லில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. தலைத்துணியை அவிழ்த்தார். உதறப் போகிறார் என்று நின்றேன். உதறவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மணி என்ன?"

"பதினொண்ணேகால்."

"வண்டிய எடு."

வரப்புக்கு வந்ததும் அக்கா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மாமாவுக்கு எதிரில், அவர் உட்கார்ந்திருந்த அதே மண்ணில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

"வாங்க பிரசிடெண்டு. இங்க கைதட்ட ஆளு இல்லையே" என்றார் மாமா.

"கேக்காம ஒங்க வூட்டு விஷயத்த சபையில வெச்சேண்ணே. தப்பு. அடுத்த சபையில அதே மைக்குல சொல்லுவேன்."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதியது யார், பார்த்தது யார் என்று அவருக்குத் தெரியாதா? அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"மன்னிக்கச் சொல்லி வந்தீங்களா?"

"இல்ல."

"தண்ணி பாய்ச்சிக்கன்னு கெஞ்ச வந்தீங்களா?"

"ஒங்க பயிரு, ஒங்க இஷ்டம். அத நான் கேக்க முடியாது. நான் வழி கேக்க வந்தேன்."

"வழியா?"

"கீழ மூணு பேருக்கு வேற வாய்க்கா இல்ல. ஒங்க வயல்தான் வழி. அத வுடுறதும் வுடாததும் ஒங்க கையில இருக்கு. ராமையண்ணன் கையில இல்ல, எங்கையிலயும் இல்ல. கொஞ்சம் வழி குடுங்கண்ணே."

மாமா கீழ்ப்பக்கம் நின்ற மூன்று பேரையும் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்கு மணி பார்க்க வேண்டும் போல் இருந்தது, போனை எடுக்கப் பயமாக இருந்தது.

"வெடிச்ச வயலு. இது குடிக்காம கீழ வுடுமா?" என்றார் மாமா.

"அது தண்ணிக்கும் வயலுக்கும் உள்ள விவகாரம். அதுல நானும் தலையிடல, நீங்களும் தலையிடாதீங்க."

மாமாவின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது. எழுந்தார். நான் ஓடிப்போய் மம்பட்டியை எடுத்தேன்.

"குடு தம்பி. இது என் வாமடை."

மூன்று கொத்து. தண்ணீர் உள்ளே சரிந்தது. வெடிப்புகளில் இறங்கும்போது மண் கொதிப்பது போல் சத்தம் வந்தது. மாமா கீழே திரும்பிச் சத்தம் போட்டார்: "ஏய், என்ன பராக்குப் பாக்குறீங்க? கீழ் வரப்ப வெட்டிவுடுங்க. மொதத் தண்ணி ஒங்களுக்குப் போவட்டும்."

தொடக்கத்தில் சொன்னேனே, மாமா போட்ட நிபந்தனை, அது இந்த இடம்தான். "கொடத்த எழுதினா வழி வுட்டதையும் எழுது. பாதில நிறுத்திடாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல்மடை மதகு திறந்தபோது கடைசி வயலின் முக்கால்வாசி நனைந்திருந்தது. மீதிக் கால்வாசி பதராகத்தான் போனது. அதை ஒளிக்கவில்லை.

அடுத்த கிராம சபையில் அக்கா சீட்டு இல்லாமல் எழுந்தார். "போன கூட்டத்துல ஒருத்தர்கிட்ட கேக்காம அவரு கதைய நான் சொன்னேன். அது தப்பு. கீழ் வயலுங்க பொழச்சது அவரு வழி வுட்டதால." அவ்வளவுதான். நான் என்று சொன்னார், நாங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. நான் வேலையில் சேர்ந்தபின் அக்கா பேசியதில், நான் எழுதாத முதல் பேச்சு அது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

என்னை வேலையை விட்டு அவர் நிறுத்தவில்லை. மறுநாள் மில்லுக்குப் போனபோது வழக்கம்போல, "தண்ணித் தொட்டி தொறப்பு விழா வருது, எழுதிட்டியா?" என்றார். எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வாசிக்கக் காகிதத்தைப் பிரித்தேன். இனிமேல் என்னிடம் "கேட்டியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலை அவர் நம்ப வேண்டும். நம்பிக்கொண்டேதான் இருப்பார். அதுதான் தாங்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். இப்போது மறுபடியும் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு போகிறேன். சாவுச் செய்தி வாசிக்க எந்த வித்தையும் வேண்டியதில்லை.

போன வாரம் டீக்கடைக்கு வந்த அந்த இரண்டு பேரும் விடவில்லை. நான் பெஞ்சிலிருந்து காலை நீட்டிக்கொண்டு, முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கோவிந்தராசு மாமா வண்டியில் வந்தார். உர மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு, நின்றபடியே ஒரு டீ வாங்கினார். இரண்டு வருஷமாக இப்படித்தான், தலையாட்டல், "என்ன தம்பி", அவ்வளவு.

ஒருவன் என் காதில் பேசுவதாக நினைத்துக் கடைக்கே கேட்கும்படி கேட்டான்: "அண்ணே, வீடியோல எந்திரிச்சுப் போவாரே, அந்தக் கொடத்துக்காரரு இவருதானே?"

டீ கிளாஸ் அவர் வாய்க்குப் பாதியில் நின்றது.

"யாரு, இவரா?" என்றேன். "இவரு கீழ்மடையில மூணு வயலுக்கு வழி குடுத்தவரு. கொடமாவது ஒண்ணாவது. அது நான் வுட்ட கத தம்பி."

"கதையா? அவ்வளவு பேரு அழுதாங்களேண்ணே!"

"ஏமாந்தாங்க. நெல்லுக்கு எவனாவது கொடத்துல தண்ணி ஊத்துவானா? யோசிக்க வேணாம்? அதான் வேலைய வுட்டே தொரத்திட்டாங்க. என்கிட்ட எழுதி வாங்கினா ஒங்க கேண்டிடேட்டுக்கு டெபாசிட் போயிடும்."

இரண்டு பேர் முகமும் தொங்கிப்போனது. டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பால் சட்டியைக் கிளற ஆரம்பித்தார். என் பெயரை ஏழெட்டு ஊருக்குக் கொண்டுபோன பேச்சு அங்கேயே செத்தது. எடுக்கிற நேரம்கூட அறிவிக்கவில்லை.

மாமா மிச்ச டீயைக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்தார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"கால மடக்கு மாப்ள. வண்டி போவணும்."